"உங்ககிட்ட ஃபீஸ் வாங்குவேனா மாமா?"

ஓய்வுபெறும் ஓசூர்த் தொழிலாளர்களின் பி.எஃப். பணம்: ஆலோசகருக்குக் கொடுப்பதா, நாமே பார்த்துக்கொள்வதா?

மத்திகிரியில் ஒரு வீட்டு ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை. சுவரில் வழியனுப்பு விழா போட்டோ. சால்வையும் மாலையுமாக நிற்கிறார் வீட்டுக்காரர். டீபாய் மேல் காபி டம்ளர், அதன் பக்கத்தில் ஒரு லேப்டாப். எதிர் நாற்காலியில் அக்கா மகன்.

"பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து முப்பது வருமா மாமா?"

"முப்பத்திரண்டு வரும்ப்பா."

"பேங்க்ல போட்டா என்ன கிடைக்கும்? இந்தப் பாலிசியைப் பாருங்க. வருஷம் மூணு லட்சம், பத்து வருஷம். அந்த முப்பதுல இருந்தே கட்டிக்கலாம். அப்புறம் ஆயுசு பூரா வந்துக்கிட்டே இருக்கும்."

"உனக்கு ஃபீஸ் எவ்வளவு கொடுக்கணும்?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்ககிட்ட ஃபீஸ் வாங்குவேனா? ஒரு பைசா வேண்டாம்."

சமையலறை வாசலில் நிற்கும் அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாமா ஏழெட்டு இடங்களில் கையெழுத்துப் போடுகிறார்.

இது தனியொரு வீட்டின் கதை இல்லை. தளி சாலையிலோ பாகலூர் சாலையிலோ உள்ள எந்தத் தொழிலாளர் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் இந்த ஹால் இருக்கும், இந்த மருமகனும் இருப்பார். முப்பது ஆண்டு உழைப்பின் பலன் அரைமணி நேரத்தில் கைமாறும் இடம் அது. அங்கே சொல்லப்படும் "ஒரு பைசா வேண்டாம்" என்ற வார்த்தைக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

மொத்தமாக ஓய்வுபெறும் ஊர்

1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணையால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊராக இருந்தது மத்திகிரி. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, 1980-களில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. தர்மபுரி, சேலம், வேலூர்ப் பக்கமிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு பஸ் ஏறிய இருபது வயதுப் பையன்கள் இங்கேயே பெண் பார்த்து, இங்கேயே 'சைட்' வாங்கி, வீடு கட்டினார்கள். மத்திகிரி பேரூராட்சி ஓசூரோடு இணைந்தது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. அந்தப் பையன்களுக்கு இப்போது 58 வயது. ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரே காலத்தில் வெளியே வருகிறார்கள். கைநிறையச் 'செட்டில்மென்ட்' பணத்தோடு ஆட்கள் வெளியே வரும் ஊரைத் தேடி விற்பவர்களும் வருகிறார்கள்.

இவர்களில் பலர் தங்களுக்குப் 'பென்ஷன்' இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது, ஆனால் எவ்வளவு? 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் (இ.பி.எஸ்.) கணக்கு இதுதான்: பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். கையில் அறுபதாயிரம் வாங்கியவருக்கும் பென்ஷனுக்குரிய சம்பளம் 15,000 ரூபாய்தான். அதுவும் 2014 செப்டம்பர் முதல்தான். அதற்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாயை வைத்தே கணக்கிடுவார்கள். 35 ஆண்டும் முழு வரம்பில் வேலை பார்த்திருந்தால்கூட 7,500 ரூபாய். இப்போது வெளியே வருகிற பலருக்கு வருவது அதில் பாதியை ஒட்டிய தொகை. 2022 நவம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கூடுதல் பென்ஷனுக்கு விண்ணப்பித்து ஏற்கப்பட்டவர்களின் கணக்கு வேறு. மற்றவர்களுக்கு அந்த 30 லட்சம்தான் உண்மையான பென்ஷன். அது தவறினால் அடுத்த சம்பளம் என்று ஒன்று இல்லை.

ஃபீஸ் கேட்காதவர் எங்கிருந்து வாங்குகிறார்?

வருமானம் இல்லாமல் யாரும் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. வருமானம் எந்த வழியாகப் போகிறது என்பதே கேள்வி.

பாலிசியில் அது முதல் ஆண்டிலேயே போய்விடுகிறது. நீண்ட கால ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 30, 35 சதவீதம் வரை ஏஜென்டுக்குக் கமிஷன் தரப் பழைய விதி அனுமதித்தது. 2023 ஏப்ரலில் திட்டவாரியான அந்த வரம்பும் நீக்கப்பட்டு, மொத்தச் செலவு வரம்புக்குள் நிறுவனமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றானது. மாமா கட்டிய மூன்று லட்சத்துக்கு 30 சதவீதம் என்றால் 90,000 ரூபாய். மருமகன் கையை நீட்டவில்லை. மாமா எடுத்தும் கொடுக்கவில்லை. ஆனால் மாமாவின் பணம்தான் அது.

பாதிப்பு அங்கே முடியாது. அடுத்த ஆண்டும் மூன்று லட்சம் கட்ட வேண்டும். நடுவில் மகள் கல்யாணமோ மனைவிக்கு ஆபரேஷனோ வந்தால் பாலிசியைச் சரண்டர் செய்ய வேண்டியிருக்கும். கட்டியதைவிடக் குறைவாகக் கைக்கு வரும். மோனிகா ஹலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய ஏழெட்டு ஆண்டுகளில் ஆயுள் காப்பீட்டுத் தவறான விற்பனையால் இந்திய மக்கள் இழந்தது ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இதில் திருடன் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஒவ்வொரு கையெழுத்தும் சட்டப்படி சரியானதாகவே இருந்திருக்கும்.

மியூச்சுவல் ஃபண்டில் கமிஷன் சொட்டுச் சொட்டாகப் போகிறது. முதலீட்டில் நுழையும்போதே பிடித்துக்கொள்ளும் கட்டணத்தைப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2009 ஆகஸ்டில் ஒழித்தது. ஆண்டுதோறும் தொடரும் கமிஷன் ஒழியவில்லை. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் இரண்டு வாசல்: விற்பவர் வழியாகப் போனால் 'ரெகுலர்', நேராகப் போனால் 'டைரக்ட்'. இரண்டிலும் ஃபண்டு ஒன்று, மேலாளர் ஒருவர், வாங்கும் பங்குகளும் அவையே. பங்குச் சந்தை ஃபண்டுகளில் செலவு மட்டும் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை வேறுபடும்.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 10 லட்சம் ரூபாயைப் பதினைந்து ஆண்டு விட்டுவைப்போம். ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 47.8 லட்சம். 10 சதவீதம் என்றால் 41.8 லட்சம். வித்தியாசம் ஆறு லட்சம். இவை எடுத்துக்காட்டுக்கான விகிதங்கள்தாம். சந்தை எவ்வளவு தரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. செலவு எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்ல முடியும்.

பெட்டிச் செய்தி: கமிஷன் எங்கே எழுதியிருக்கிறது?

மியூச்சுவல் ஃபண்டு முதலீட்டாளர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருங்கிணைந்த கணக்கறிக்கை வருகிறது. உங்கள் பணத்திலிருந்து விற்பனையாளருக்குப் போன கமிஷன் எத்தனை ரூபாய் என்பதை அதில் அச்சிட வேண்டும் என்பது 2016 அக்டோபர் முதல் செபியின் விதி.

பெயருக்குப் பக்கத்தில் ஏ.ஆர்.என். என்று தொடங்கும் எண் இருந்தால் அவர் ஃபண்டு விற்பனையாளர். ஐ.என்.ஏ. என்று தொடங்கும் எண் இருந்தால் செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர். ஆலோசகர் உங்களிடம் ஃபீஸ் வாங்கலாம். திட்டத்தை விற்கும் நிறுவனத்திடம் கமிஷன் வாங்கக் கூடாது. விற்பனையாளர்கள் நாட்டில் லட்சத்துக்கும் மேல். பதிவுபெற்ற ஆலோசகர்கள் ஆயிரம் என்ற எண்ணையொட்டித்தான்.

சதவீதமா, ரூபாயா?

அப்படியென்றால் ஃபீஸ் வாங்கும் ஆலோசகரிடம் போய்விடலாமா? போகலாம், ஆனால் ஃபீஸை எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துவிட்டு. செபி இரண்டு முறைகளை அனுமதிக்கிறது. ஒன்று, ஆலோசனைக்குட்பட்ட மொத்தச் சொத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 2.5 சதவீதம். மற்றொன்று நிலையான தொகை. 2020-இல் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் என்றிருந்த உச்சவரம்பு பின்னர் 1.51 லட்சமாகியிருக்கிறது. இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு.

இவை உச்சவரம்புகள். ஒரு சதவீதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள், இருபதாயிரத்துக்குத் திட்டம் போட்டுக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் சதவீதத்தை ரூபாயாக மாற்றிப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது. 30 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் ஆண்டுக்கு 30,000, மாதம் 2,500. மாதம் 3,500 ரூபாய் இ.பி.எஸ். பென்ஷன் வாங்குகிறவருக்கு அதில் பெரும்பகுதி ஆலோசகர் வீட்டுக்குப் போகிறது. சந்தை இறங்கிய ஆண்டிலும் போகிறது, அவர் போன் எடுக்காத ஆண்டிலும் போகிறது. பெரும் செல்வத்தை வளர்க்கிறவர்களுக்குச் சதவீதக் கட்டணம் ஒத்துவரலாம். எடுத்துச் சாப்பிட வேண்டிய ஓய்வூதியப் பணத்துக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே முறை, ரூபாயில் பேசிய தொகை, கையில் எழுதிக்கொடுத்த திட்டம் என்றால் அதற்குக் கொடுக்கும் 15,000, 20,000 ரூபாயை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன்.

கமிஷன் இல்லாததால் பேர் சொல்லாத திட்டம்

முப்பது லட்சம் வைத்திருக்கும் தொழிலாளிக்கு முதலில் தெரிய வேண்டியது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2004-இல் தொடங்கியது. தபால் அலுவலகத்திலும் வங்கிகளிலும் உண்டு. மத்திய அரசின் பொறுப்பு. ஒருவருக்கு 15 லட்சமாக இருந்த வரம்பை 2023 பட்ஜெட் 30 லட்சமாக்கியது. வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமானது. விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கும். ஆனால் கணக்குத் தொடங்கிய நாளின் வட்டி 5 ஆண்டுக்கும் மாறாது. 30 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், மாதத்துக்கு 20,500.

மருமகன்கள் இதை ஏன் சொல்வதில்லை? இதற்கும் பி.பி.எஃப். திட்டத்துக்கும் இருந்த ஏஜென்டு கமிஷனை அரசு 2011 டிசம்பரில் நிறுத்திவிட்டது. விற்றால் காசில்லாத சரக்குக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை.

ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இதில் இருக்கிறது. திட்டம் 60 வயதானவர்களுக்கு. 58-இல் ஓய்வுபெறுகிறவர் சேர வேண்டுமென்றால், ஓய்வுகாலப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள், அந்தப் பணத்தைக் கொண்டு மட்டும் சேரலாம். முன்பு ஒரு மாதமே அவகாசம். 2023 நவம்பரில் மூன்றாக்கினார்கள். இது தெரியாமல் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் போகிறவர் 60 வயது வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு ஆலோசகர் தேவையில்லை. ஆதார், பான், ஓய்வுபெற்றதற்கான கம்பெனிக் கடிதம், ஒரு செக். மனைவியையும் அழைத்துக்கொண்டு போனால் போதும்.

இந்தத் திட்டத்திலும் ஒரு குறை உண்டு. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பதினைந்து ஆண்டு கழித்து அந்த 20,500 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 8,500. 73 வயதில், மருந்துச் செலவு ஏறும் காலத்தில். அதனால் ஒரு பங்கை வளரும் இடத்தில் வைக்கத்தான் வேண்டும். ஆலோசகர் தேவையா என்ற கேள்வி உண்மையில் அந்தப் பங்குக்கு மட்டும்தான்.

தானே ஓட்டுவதிலும் பள்ளம் உண்டு

கமிஷனை மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லும்போதே, தனியாக இறங்கியவர்களின் கதையையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26,000-க்குக் கீழே போனது. இரண்டு மாதத்துக்கு முன் 42,000. அன்று பயந்து விற்றவர்கள் இழந்ததை எந்த 'டைரக்ட்' மிச்சமும் ஈடுகட்டாது. அதே ஆண்டு நவம்பரில் சந்தை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த மார்ச்சில் போன் செய்து, "இப்போ கை வைக்காதீங்க சார், அப்படியே இருக்கட்டும்" என்று சொன்ன விற்பனையாளர் தான் வாங்கிய கமிஷனுக்கு உழைத்தவர். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். எதிலும் பதறுகிற சுபாவம் உள்ளவருக்கு அந்தச் செலவு நியாயமே. எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பள்ளம் செல்போனில் இருக்கிறது. ஓய்வுபெற்றவருக்குப் பகல் நீளம். மகன் இறக்கிக்கொடுத்த ஆப்பில் ஃபண்டு வாங்கத் தொடங்கி ஆப்ஷன் டிரேடிங்கில் போய் நிற்கிறார்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

அடுத்தது, கூடுதல் வட்டி என்ற ஒரு சொல். பெருந்துறையில் 2012-இல் சுசி ஈமு பண்ணை மோசடி. 2022-இல் ஆருத்ரா நிதி நிறுவன மோசடி: லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். மோசடி இல்லாத இடம் என்று நம்பி வங்கிக்குப் போனவர்களுக்கும் எல்லைக்கு அப்பால் ஒரு பாடம் நடந்தது. பெங்களூரில் குரு ராகவேந்திரா கூட்டுறவு வங்கிக்கு 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, கொஞ்சம் கூடுதல் வட்டிக்காக ஓய்வுப் பணம் முழுவதையும் அங்கே வைத்திருந்த முதியவர்கள் வாசலில் வரிசைகட்டி நின்றார்கள். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான்; அதுவும் 2020 பிப்ரவரிக்குப் பின்தான்.

போர்ட் டால்பட்டில் நடந்தது

இது நம் ஊர் ஏமாளித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் போர்ட் டால்பட் என்று ஓர் இரும்பாலை ஊர். டாடா ஸ்டீலின் ஆலை. 2017-இல் ஆலையின் பென்ஷன் திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது, தொழிலாளர்கள் புதிய ஏற்பாட்டில் தொடரலாம் அல்லது மொத்தப் பணத்தை எடுத்துத் தாங்களே முதலீடு செய்யலாம் என்ற தேர்வு வந்தது. ஆலோசகர்களும் இடைத்தரகர்களும் ஊருக்குள் குவிந்தார்கள். இலவச மதிய உணவு போட்டுத் தொழிலாளர்களைப் பிடித்தார்கள். ஏறத்தாழ 8,000 பேர் ஆயுள் முழுக்க உறுதியாக வரக்கூடிய பென்ஷனை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தரப்பட்ட ஆலோசனை தகுதியற்றது என்று பின்னர் பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு ஆணையமே கண்டறிந்தது.

இத்தனைக்கும் பிரிட்டன் ஆலோசகர்களின் கமிஷனை 2012 இறுதியிலேயே தடைசெய்த நாடு. பிறகு எப்படி? ஃபீஸ் வாங்கிய விதத்தில் ஓட்டை இருந்தது. "பணத்தை வெளியே எடு" என்று சொல்லி, தொழிலாளி எடுத்தால்தான் ஆலோசகருக்கு ஃபீஸ். "எடுக்காதே, அங்கேயே இரு" என்று சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. 2020 அக்டோபரில்தான் அந்த முறையைத் தடைசெய்தார்கள். இழப்பீடு கேட்டு அந்தத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

போர்ட் டால்பட்டுக்கும் மத்திகிரிக்கும் கடல்கள் இடையில் கிடந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நான் கையெழுத்துப் போடாவிட்டால் இவருக்கு என்ன கிடைக்கும்?

சமையலறை வாசலில் நின்றவர்

இந்தக் கணக்கில் விட்டுப்போகிற ஆள் ஒருவர் இருக்கிறார். ஐம்பத்து நான்கு வயது அத்தை. கணவர் எழுபத்தைந்தில் போய்விட்டால், இ.பி.எஸ்.-இல் அவருக்கு வருவது பொதுவாகக் கணவர் வாங்கியதில் பாதி. எந்த ஃபண்டில் எவ்வளவு, எந்தக் கணக்குக்கு யார் நாமினி, எந்த ஆப்புக்கு என்ன பாஸ்வேர்டு என்று அவருக்குத் தெரியாது. 'டைரக்ட்' வழியில் எல்லாவற்றையும் தானே அழகாகப் பார்த்துக்கொண்ட கணவரின் திறமை அவரோடு போய்விடும். மிச்சம் பிடித்த ஒரு சதவீதத்தைவிடப் பெரிய இழப்பு அங்கே காத்திருக்கிறது.

நல்ல ஆலோசகருக்குக் கொடுக்கும் ஃபீஸின் அர்த்தம் எனக்கு இந்த இடத்தில்தான் முழுதாகப் புரிகிறது. அவர் சந்தையை வெல்ல வேண்டியதில்லை. கணவன் மனைவி இருவரையும் எதிரே உட்காரவைத்து, வீட்டின் மொத்தக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக்கொடுத்தாலே ஃபீஸ் நியாயமாகிவிடும். அந்த ஒரு தாளைத் தாங்களே எழுதிக்கொள்ள முடிகிற தம்பதிக்கு அந்தச் செலவும் மிச்சம்.

பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் வரை திருப்பிக்கொடுக்கலாம். சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்ப வரும். 2024-இல்தான் இந்த அவகாசம் எல்லாப் பாலிசிகளுக்கும் 30 நாளானது. பாலிசியை அலமாரியில் வைக்குமுன் முதல் பக்கத்தில் "பிரீமியம் செலுத்தும் காலம்" என்ற வரியைப் படியுங்கள். ஒரே முறை கட்டுவதாக நினைத்தவர் அதில் '10 ஆண்டுகள்' என்று பார்த்தால், அன்றே எழுத்துமூலம் திருப்பிக்கொடுங்கள்.

எந்த அவசரமும் இல்லை

"இந்த மாசத்தோட இந்த ஸ்கீம் முடியுது மாமா." ஓய்வுபெற்ற முதல் வாரத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. 58-இல் ஓய்வுபெற்றவர் பி.எஃப். பணத்தை அன்றே எடுக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டு வரை அந்தக் கணக்கில் வட்டி சேரும். 2024-25 நிதியாண்டுக்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். ஓய்வுக்குப் பின் சேரும் வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான். கிராஜுவிட்டியை வைத்து முதல் சில மாதங்களை ஓட்டலாம். நிதானமாக யோசித்து, எடுத்தபின் மூன்று மாதத்துக்குள் மூத்த குடிமக்கள் திட்டத்தில் சேரலாம்.

அடுத்த ஞாயிறு உங்கள் ஹாலில் லேப்டாப் திறக்கப்பட்டால், மனைவியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். வந்தவர் அக்கா மகனாகவே இருந்தாலும் தயங்காமல் கேளுங்கள்: "இதுல நான் கையெழுத்துப் போட்டா உனக்கு எத்தனை ரூபாய் வரும்? ஒரு தாள்ல எழுதிக் கொடுப்பா." எழுதிக்கொடுத்தால் மேலே பேசுங்கள். எழுதிக்கொடுக்க மறுத்தால், காபி கொடுத்து அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை காலை இருவருமாகத் தபால் அலுவலகத்துக்குப் போங்கள்.